கூலியாக ஓர் இருக்கை

வானிலை முகாமில் பலூனுக்கான வாயு உருளை சுமந்தவர்களுக்குக் கூலி பேசி முடித்தது மொழிபெயர்ப்பாளனான நான்தான். லெப்டினன்ட் கார்வர் காசாகத் தருகிறேன் என்றார். எங்கள் தீவில் இருந்ததே ஒரு கடை, அதுவும் சண்டையில் எரிந்துபோனது. காசை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா? ஆகவே அரிசி, துணி, புகையிலை என்று ஆளுக்குத் தக்கபடி முடித்தேன்.

பகோவா மட்டும் ஒன்றும் வேண்டாம் என்றான். அவன் மனைவி, தராவா தீவின் ஆஸ்பத்திரியில் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கண் மூடுமுன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாத உழைப்புக்கு ஈடாகக் கடல் விமானத்தில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. அரிசியாக இருந்தால் சொந்தக்காரர்களே கேட்டுத் தீர்த்திருப்பார்கள். உறவுக்காரர் வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்கிற பேச்சே எங்களிடம் கிடையாது. விமான இருக்கையை எவன் கேட்பான்?

கேட்டாள், அவன் சித்தி மிரியா. விமானம் வந்த அன்று காலை, அதற்குக் கொண்டுபோகும் படகில் கால் வைத்தவனிடம், தராவாவில் வேலை செய்யும் மகனைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது, உன் இடத்தைக் கொடு என்றாள். பகோவாவின் முகம் செத்துவிட்டது. படகிலிருந்து இறங்கினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பைத்தியமாடா உனக்கு?" என்றேன்.

"சித்தி கேட்டுட்டாங்கண்ணே. நான் என்ன பண்ண?"

லெப்டினன்ட் என்ன தகராறு என்றார். சொன்னேன். அது அவன் கூலி, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும் என்றார். நான் மிரியா பக்கம் திரும்பி, எங்கள் பாஷையில், பேர் எழுதிய ஆளைத் தவிர யாரையும் ஏற்ற முடியாதாம் என்று கூசாமல் புளுகினேன்.

பகோவா என்னைப் பார்த்தான். முகாமில் பழகியதில் அந்த அளவு இங்கிலீஷ் அவனுக்கு வரும். வாயைத் திறக்காமல் படகில் ஏறினான். தலை நிமிரவே இல்லை.

விமானம் மறைந்ததும் மிரியா என் பக்கத்தில் வந்து நின்றாள். "லெப்டினன்ட் சொன்னது எனக்கும் புரிஞ்சுது, தம்பி. ஆறு மாசமா அவர் துணியத்தானே துவைக்கிறேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"விமானத்தப் பாத்ததும் புள்ள ஞாபகம். வாய் முந்திருச்சு. கேட்டத எப்படித் திருப்பி வாங்குறது? நல்லவேளை, நீ புளுகின." அதன்பின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவன் வந்தா, எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாத. அப்புறம் என் மொகத்தப் பாக்கவே கூசுவான்."

பகோவாவுக்கு மனைவியோடு நான்கு நாள் கிடைத்தது. இன்றுவரை நான் அவனிடம் அதைச் சொல்லவில்லை.