பதினேழாவது கௌதாரி

தம்பி லாரி ஓட்டுவதில் புலி. கதவு சாத்துவதில் பூஜ்யம். பறவைக் காப்பகத்தில் இரண்டு கூண்டுகளுக்கும் நடுவே இருந்த கதவைத் திறந்துபோட்டுவிட்டு அவன் டீ குடிக்கப் போன ஐந்தே நிமிடத்தில், பன்னிரண்டு பாறைக் கௌதாரிகளும் ஆறு சுக்கார் கௌதாரிகளும் கலந்து, சம்பந்தி வீட்டார் மாதிரி குசலம் விசாரித்துக்கொண்டிருந்தன. ஒன்று வெளியே பறந்தே போய்விட்டது. எது என்று யாரும் பார்க்கவில்லை.

பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு நெஞ்சு லாரி இன்ஜினாக அடித்துக்கொண்டது. பாறைக் கௌதாரிகளை இன்று அவற்றின் சொந்த மலையில் விட வேண்டும். தவறி ஒரு சுக்கார் போனாலும் அங்கே ஜோடி சேர்ந்துவிடும். நாளடைவில் மலைக்கே உரிய இனம் கலந்து கரைந்துபோகும்.

"எல்லாம் ஒரே மூஞ்சியாத்தானேக்கா இருக்கு?"

"உன் மாமியாரையும் அவங்க தங்கச்சியையும் குழப்பிக்கிட்டவன்தானே நீ! வந்து பிடிடா."

ஒவ்வொன்றாகத் தூக்கித் தொண்டையைப் பார்த்தாள். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பாறை, பாலாடை நிறம் என்றால் சுக்கார். பாறைக்கு அலகோரம் மை தீட்டியதுபோலக் கறுப்பு. மொத்தத்தில் கொசுவின் மீசை அளவு வித்தியாசம். பதினொன்று மலைக்குப் போகும் பெட்டிக்குள்ளும், ஐந்து மற்றப் பெட்டிக்குள்ளும் போயின.

பதினேழாவது புழுதியில் புரண்டிருந்தது. துடைத்துப் பார்த்தாள். வெயிலில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம்.

"வெள்ளைதான்க்கா, போடு. மணியாச்சு!"

அவள் கை மலைப் பெட்டிப் பக்கம் போயேவிட்டது. அப்போது அதற்குள்ளிருந்து ஒரு ஆண் கௌதாரி கரகரவென்று அவசரமாக ஏதோ சொன்னது. மற்றப் பத்தும் பதில் சொல்லின. கையிலிருந்தது மரக்கட்டையாகக் கிடந்தது.

எதிர்ப் பெட்டியிலிருந்து, "சுக்... சுக்... சுக்கார்!"

அவள் உள்ளங்கைக்குள் ஒரு சின்ன நெஞ்சு உப்பியது. "சுக்கார்!" தகரக் கூரையே எகிறிப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்ததுபோல் ஒரு கூவல்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அத்தனையும் இன்குபேட்டர் சூட்டில் பொரிந்தவை. ஒன்றுகூடத் தாயின் குரலைக் கேட்டதில்லை. முட்டை ஓட்டுக்குள்ளேயே யார் வந்து இந்தப் பேச்சை வைத்துவிட்டுப் போனது? ஒரு நிமிடம் அவள் கையை அசைக்கவே இல்லை. தம்பிகூட வாயை மூடிக்கொண்டான். அதுவே அன்றைய இரண்டாவது அதிசயம்.

அவள் அதைச் சுக்கார் பெட்டிக்குள் விட்டதும், அவன் மெதுவாக விரல்விட்டு எண்ணினான்.

"அப்போ, பறந்து போனது பாறையாக்கா?"

"ஆமாடா. உன் லாரியை நம்பாம அவன் முன்னாடியே கிளம்பிட்டான். ஏறு!"