மயிலையின் காதில் சொன்னது

தாய்மாமன் மடி இல்லாமல் குழந்தைக்குக் காது குத்தினால் ஊரில் சிரிப்பார்கள். பெங்களூரில் யார் சிரிக்கப் போகிறார்கள் என்று வனஜாவின் கணவன் ஹரிஷ்குமார் கேட்டான். யார் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் அவளுக்கு அண்ணன் வந்தாக வேண்டும். வந்தால் மட்டும் போதாது, பேச வேண்டும். இரண்டு வருஷமாகப் பழனிச்சாமி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தப்பு அவளுடையதுதான். காக்ஸ் டவுனில் இந்த ஃபிளாட்டை வாங்கிப் பால் காய்ச்சியபோது, ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று ஊரோடு ஒன்றாக அண்ணனுக்கும் வாட்ஸ்ஆப்பில் பத்திரிகையைத் தட்டிவிட்டாள். இதே பெங்களூரில் அண்ணன் இருக்கிற ஒக்கலிபுரம் என்ன டெல்லியிலா இருக்கிறது? கூடப் பிறந்தவனை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கத் தெரியாதா? அவன் வரவில்லை. இவளும் வராவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டாள். அப்புறம் யார் முதலில் பேசுவது என்பதிலேயே காலம் ஓடிப்போயிற்று.

இந்தத் தடவை தாம்பாளத்தோடு நேரில் போனாள். பழனிச்சாமி தட்டை வாங்கிக்கொண்டான். "வர்றோம்னு சொல்லு" என்று தன் மனைவி ஜெயலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

சொன்னபடி வந்தும் விட்டான். பட்டு வேட்டி, சீர்த்தட்டு, தங்கத் தோடு, எதிலும் குறை வைக்கவில்லை. மூன்று வயசு சஹானாவை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான். முகூர்த்த நாள், காது குத்துகிற ஆசாரிக்கு இன்னும் இரண்டு வீடு இருந்தது. காத்திருந்த நேரத்தில் ஹரிஷ் தன் சொந்தக்காரர்களுக்காக, அந்த மாட்டுக் கதையைச் சொல்லேன் என்று எடுத்துக் கொடுத்தான்.

வனஜா ஆபீஸ் கேன்டீனில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. பாலக்கோட்டுப் பக்கம் அவள் அப்பாவுக்கு இரண்டு சித்தப்பாக்கள் இருந்தார்கள், மாதையனும் கோவிந்தனும். ஒரே வீடு, ஒரே நிலம், இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் மாதையன் தம்பியைக் கூப்பிடாமல் சந்தைக்குப் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் உழவு நிற்குமா? உழவு மாடுகளில் மயிலை என்று ஒரு எருது. இனி எல்லாம் அதன் காதில்தான். "மயிலை, கெணத்துல தண்ணி கொறைஞ்சிருச்சுன்னு அவன்கிட்ட சொல்லு" என்பார் அண்ணன். தம்பி நாலடி தள்ளித்தான் நிற்பார். "மயிலை, எனக்கும் கண்ணு இருக்குதுன்னு சொல்லு" என்பார். இப்படியே பதின்மூன்று வருஷம். பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் மாட்டுக்கும் ஒரு வெற்றிலை கொடுத்துவிட்டு வருவார்களாம்.

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து மாடு செத்த கட்டம். விடிகாலையில் அதை முதலில் பார்த்தவர் கோவிந்தன் தாத்தா என்று வனஜா ஆரம்பித்தாள்.

பழனிச்சாமி நெளிந்தான். கதையைத் தப்பாகச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மடியிலிருந்த குழந்தையிடம் குனிந்தான்.

"சஹானா, பார்த்தது மாதையன் தாத்தான்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"சரின்னு மாமாகிட்ட சொல்லு" என்றாள் வனஜா.

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பெற்ற பிள்ளையை மாடாக்கி நிறுத்தியிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மிச்சத்தை அவசரமாகச் சொல்லி முடித்தாள். செத்துக் கிடந்த மாட்டின் பக்கத்தில் மாதையன் குந்தினார். அதன் காதில், "மயிலை, நீ செத்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார். தம்பி பின்னால் நின்று கேட்டார். இருவரும் சேர்ந்து குழி வெட்டினார்கள். அப்போதும் பேசவில்லை. அடுத்த சந்தையில் வேறு எருது வாங்கி வந்தார்கள். ஹரிஷின் அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வனஜாவுக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை.

ஆசாரி வந்தார். "ஆயித்து புட்டி, ஆயித்து" என்று, முடிஞ்சுபோச்சு குட்டி எனக் கன்னடத்தில் கொஞ்சிக்கொண்டே இரண்டு காதையும் குத்திவிட்டார். சஹானா வீடே அதிர அழுதாள். மாமன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அடங்கினாள். மொட்டை மாடியில் இலை போட்டார்கள், எல்லாரும் மேலே போனார்கள். ஹாலில் அண்ணனும் தங்கையும் குழந்தையும் மட்டும்தான்.

வனஜா சீர்த்தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரே தட்டை மூன்று முறை நகர்த்தினாள். பழனிச்சாமி ஜெயலக்ஷ்மியைத் தேடிச் சுற்றிலும் பார்த்தான். அவள் மேலே பந்தியில் இருந்தாள். தொண்டையைச் செருமினான். புதுத் தோடு போட்ட காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"சஹானா, நீ தூங்கிட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

சொன்னவன் அப்படியே உறைந்து போனான். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வனஜா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கே காது கேக்குது, அண்ணா."

பழனிச்சாமி கொஞ்ச நேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டினான்.

"காலு மரத்துப்போச்சு, வனஜா. புடிச்சுத் தூக்கு."