இருபத்தேழு ஓட்டு

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாணவர் சங்க அலுவலகக் கதவில் வாக்கெடுப்பு முடிவை ஒட்டினார்கள். மாணவர் எல்லோரும் பருவத்துக்கு ஒரு கட்டணம் கட்டி, நகரப் பேருந்தில் இஷ்டம்போல் போய்வர பாஸ் வேண்டுமா என்பதுதான் கேள்வி. வேண்டும் என்றவர்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வேண்டாம் என்றவர்கள் அறுபத்தொரு பேர். அடியில் ஒரு வரி: "குறைந்தபட்சம் தேவையான ஆயிரத்து நானூறு வாக்குக்கு இருபத்தேழு குறைவதால் வாக்கெடுப்பு செல்லாது."

லியோனா அதை இரண்டு தரம் படித்தாள். மூக்கு நுனி மரத்துப்போகும் கனடாவின் சஸ்காட்சுவான் குளிரில், மூன்று வாரம் பேருந்து நிறுத்தத்தில் நின்று துண்டறிக்கை கொடுத்தவள் அவள். ஊர் எல்லையிலிருக்கும் டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவள்.

"மறுபடி எப்ப வைப்பீங்க?" என்று உள்ளே சங்க மேசையிலிருந்த வகுப்புத் தோழி மார்லிஸைக் கேட்டாள்.

"ரெண்டு வருஷம் ஆகணும். விதி அப்படி."

"அதுக்குள்ள நான் படிச்சே முடிச்சிருவேன்."

மார்லிஸ் சற்றுத் தயங்கிவிட்டுத் தன் போனை நீட்டினாள். லியோனாவை மட்டும் சேர்க்காத வேதியியல் வகுப்புக் குழு அது. கார்சன் எழுதியிருந்தான்: 'வேணாம்னு போட்டாலும் எண்ணிக்கை ஏறும். யாரும் போடாதீங்க. தானா செத்துரும்.' முப்பத்தொரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

ஆய்வகத்தில் கார்சன்தான் அவளுடைய ஜோடி. நிறுத்தத்தில் நின்றவளுக்கு இரண்டு தரம் சூடாகக் காபி வாங்கிவந்து, "ஜெயிச்சிருவ பாரு" என்று சொன்னவனும் அவன்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் ஆய்வகத்துக்கு நடந்தாள்.

அங்கே அவன் குடுவை கழுவிக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா காபி வாங்கிக் குடுத்த?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "என்கிட்ட வண்டி இருக்கு லியோனா. ஏறாத பஸ்ஸுக்கு நான் ஏன் அழணும்? விதியில இடமிருந்தது, செஞ்சேன்."

"வேணாம்னா வேணாம்னு போட்டுத் தொலைச்சிருக்கலாமே. எண்ணிப் பாத்துத் தோத்திருந்தா வாயை மூடிட்டுப் போயிருப்பேன். ஒளிஞ்சு உக்காந்து கழுத்தறுத்திருக்கீங்க."

"இதுக்கு ஏன் இவ்வளவு கோவம்? தினம் நானே உன்னைக் கொண்டு விடறேன். கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"உன் வண்டிக்கா நான் மூணு வாரம் நின்னேன்? அந்த ஆயிரத்து முந்நூறு பேரையும் ஏத்திக்குவியா?"

அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான். சுற்றியிருந்த வகுப்பு மாணவர்கள் யாரும் கூடச் சிரிக்கவில்லை.

லியோனா மீண்டும் சங்க அலுவலகத்துக்குப் போனாள். குறைந்தபட்ச வாக்கு விதியை நீக்கக் கோரும் தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்தில் வைக்க ஐம்பது கையெழுத்து வேண்டும் என்று மார்லிஸ் சொன்னாள். படிவத்தை வாங்கிக்கொண்டு நேரே ஆய்வகம் திரும்பி, மேசை மேசையாக வைத்தாள்.

"கட்டைவிரல் தூக்கினீங்கல்ல? அதே கையால போடுங்க."

கார்சன் போடவில்லை. குடுவையை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து போட்டார்கள். ஒரு பெண் "சாரி" என்று முணுமுணுத்தாள்.

லியோனா படிவத்தை எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது கையெழுத்தை எண்ணிவிட்டு, மிச்சத்துக்கு உணவுக்கூடம் பக்கம் நடந்தாள். போட்டவர்களையும் அவள் மன்னித்துவிடவில்லை.