ஏழாவது கேள்வி

"அழக் கூடாதும்மா. கேக்குறதுக்கெல்லாம் 'சம்மதம்'னு மட்டும் சொல்லு, போதும்," என்றபடி பெரிய வக்கீல் கைப்பேசியைத் தன் மருமகளுக்கு முன்னால், தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து நிறுத்தினார்.

மருமகள் தலையசைத்தாள். அவள் கணவன் தொற்றில் போய் நாற்பத்தொரு நாள். அவன் தன் சம்பளத்தில் கட்டிய மாடி வீட்டில் தனக்கு இனி எந்த உரிமையும் இல்லை, எல்லாம் கொழுந்தனுக்கே என்று அவள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஆறு பக்கம். கையெழுத்துப் போட்டால் அவளுக்கு மிஞ்சுவது ஒரு துணிப்பெட்டி.

"உனக்குச் சின்ன வயசு. நாளைக்கே வேற வாழ்க்கைன்னு போயிட்டா மாடி யாரு கைக்குப் போகும்?" என்றாள் மாமியார்.

"நான் எங்கயும் போறேன்னு சொல்லலையே, அத்தை."

"நீ சொல்ல மாட்டே. நடக்கும்."

"சும்மா ஒரு காகிதம்தானே அண்ணி," என்றான் கொழுந்தன். மாடி ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுத்து அவன் துணியே வாங்கிவிட்டான்.

மகன் போனால் மருமகள் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்று பெரிய வக்கீலின் அலமாரியில் இருந்த எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அத்தனையையும் அடுக்கினால் நிலாவைத் தொடலாம். அட்டையிலிருந்து அட்டை வரை தேடினாலும் கிடைக்காது. ஆனால் எழுதாத அந்தச் சட்டத்துக்கு எந்த வீட்டிலும் மேல்முறையீடு கிடையாது.

பெரிய வக்கீலின் அலுவலகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொற்று வந்து நீதிமன்றக் கதவுகள் மூடியபோது ஊரில் பாதி வக்கீல்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். இவர் படுக்கவில்லை. மேலே கறுப்புக் கோட்டு, கீழே பூப்போட்ட அரைக்கால் சட்டை என்று வீட்டிலிருந்தே திரையில் வாதாடினார். ஒருமுறை ஆவேசத்தில் எழுந்து நின்றுவிட, நீதிபதி ஐந்து நிமிடம் கேமராவை அணைத்துவிட்டுச் சிரித்தாராம். வழக்குகள் குறைந்ததும் உயில் பக்கம் திரும்பினார். செத்துப்போவோமோ என்று ஊரே பயந்து கிடந்த காலம். தும்மியவனெல்லாம் உயில் எழுதினான். எழுதுவது, படித்துக் காட்டுவது, கையெழுத்து, சாட்சி எல்லாம் திரையிலேயே.

இரண்டாவது வாரமே ஒரு கூத்து. படுக்கையில் கிடந்த பெரியவர் ஒருவர் உயில் சொல்லிக்கொண்டிருக்கையில் கட்டிலுக்கு அடியிலிருந்து, "மூத்தவனுக்குன்னு சொல்லுப்பா, மூத்தவனுக்கு!" என்று ஒரு குரல் வந்தது. அன்றைக்கே பெரிய வக்கீல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அதில் ஏழாவது கேள்வி அவருடைய செல்லப்பிள்ளை: 'அறையில் வேறு யாராவது உண்டா? கேமராவைச் சுற்றிக் காட்டவும்.' யாராவது இருந்தால் பத்திரம் செல்லாது. இதைப் பற்றி அவர் வக்கீல்கள் சங்கத்தில் மூன்று முறை பேசினார். கேட்க ஆளில்லாதபோது நாய்க்குட்டியிடமும் சொன்னார்.

அந்தக் கேள்விகளைத் திரையில் கேட்பது அலுவலகத்துத் தட்டச்சுக்காரி. பட்டப்பெயர் காற்புள்ளி அக்கா. ஆயிரம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து வைப்பாள்.

இப்போது கைப்பேசித் திரையில் அவள் முகம் தெரிந்தது. பெயர், வயது, சுயநினைவு என்று ஆறு கேள்விகள் முடிந்தன. ஆறுக்கும் மருமகள் சரியாகப் பதில் சொன்னாள். பெரிய வக்கீல் பேனா மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார்.

"ஏழாவது," என்றாள் காற்புள்ளி அக்கா. "அறையில வேற யாராவது இருக்காங்களா?"

பெரிய வக்கீல் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தார். "ஏம்மா, அதெல்லாம் விட்டுடு. இது நம்ம வீடு."

"நீங்க எழுதின கேள்விதான் சார். ஒன்னை விட்டாலும் பத்திரம் செல்லாதுன்னு அடியில கோடு போட்டிருக்கீங்க. ரெண்டு கோடு."

"யாரும் இல்லன்னு சொல்லும்மா," என்று மாமியார் கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசுப்பு மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மருமகள் கைப்பேசியை எடுத்தாள். அதை மெதுவாகத் திருப்பினாள். வாயில் முந்தானையை வைத்த மாமியார் தெரிந்தாள். மடியில் திரைச்சீலைத் துணியோடு கொழுந்தன் தெரிந்தான். பேனாவை நீட்டியபடி, பூப்போட்ட அரைக்கால் சட்டையில் பெரிய வக்கீல் தெரிந்தார்.

"அக்கா," என்றாள் மருமகள், கைப்பேசியை இறக்காமலே. "அவரு போன அன்னைக்கு நான் வேற வார்டுல காய்ச்சலோட கிடந்தேன். நர்ஸம்மா போன்ல அவரைக் காட்டினாங்க. 'பக்கத்துல யாராவது இருக்காங்களா, சுத்திக் காட்டுங்க'ன்னு கேட்டேன். வீட்டு ஆளு ஒருத்தர் வரலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க. மாமாவுக்குத் திரையில கேஸு. அவரு தம்பிக்குத் தொத்திக்கும்னு பயம். நர்ஸம்மா சுத்திக் காட்டினாங்க. ஒரு காலி நாற்காலி மட்டும்தான் இருந்துச்சு."

கைப்பேசியை மறுபடி மூவர் பக்கமும் சுற்றினாள்.

"இன்னைக்குப் பாருங்க, எல்லாரும் வந்துட்டாங்க."

நாற்பது வருடம் நீதிமன்றத் தூண்களையே பேசி அசைத்த பெரிய வக்கீல் பேனாவை மூடக்கூட மறந்தார். நீட்டிய பேனாவிலிருந்து மை சொட்டி மேசை விரிப்பில் பரவியது.

அந்தப் பக்கம் காற்புள்ளி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டு தட்டச்சினாள். தட்டச்சியதை வழக்கப்படி உரக்கப் படித்தும் காட்டினாள்:

"அறையில் வேறு ஆட்கள்: மாமனார், மாமியார், கொழுந்தன். மொத்தம் மூவர். பத்திரம் செல்லாது."

மூன்று உறவுக்கும் நடுவே இரண்டு காற்புள்ளிகள். ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

மருமகள் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். துணிப்பெட்டி வாசலருகே தயாராக இருந்தது. காலையிலேயே மாமியார் கொண்டுவந்து வைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பெட்டி கனக்கவில்லை. இருந்தும் ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினாள்.