தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு

காட்டில் குரங்குகள் செத்துக் கிடந்த வருஷம் அது. விறகுக்குப் போன என் புருஷன் மாதன், கண் சிவந்து காய்ச்சலோடு திரும்பினார். ஈறில் ரத்தம் கசிந்தது. ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது, எழுந்து களி தின்றார். எங்கள் மலையில், தேவனூர் நாட்டு வழக்கப்படி வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிவிட்டால் நோய் போய்விட்டது என்று கணக்கு. அப்புறம் யாரும் அதைப் பேசக்கூட மாட்டார்கள்.

சில நாளில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. கழுத்து மரக்கட்டையாக விறைத்தது. வாசலையே பார்த்து, "யாரும்மா அது? உள்ள வா" என்றார். வாசலில் யாருமில்லை.

கொழுந்தன் காத்தான் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"காச்சலத்தான் தலைக்கு ஊத்தி அனுப்பிட்டமே அண்ணி. இது சாமிங்க."

"சாமியாவது பூதமாவது! கழுத்தத் திருப்ப முடியல பாரு. அடிவாரத்துல பேளுக்குறிச்சிக்குத் தூக்கிட்டுப் போய், வண்டி புடிச்சு ஆசுபத்திரிக்குப் போலாம்."

"சாமி வந்த ஆள மலைய விட்டுக் கொண்டுபோகக் கூடாதுங்க. ஊருக்கே ஆகாது."

மலைக்கு ரோடு இல்லாத காலம். தூக்க ஆள் வராமல் நான் மட்டும் என்ன செய்வேன்? ஊரே கூடி மேளம் அடித்தது. அடிக்க அடிக்க அவர் உடம்பு துள்ளியது. வாயில் நுரை தள்ளியது. பாவிகள், அவரிடம் போய் மழை எப்போது வரும் என்று குறி கேட்டார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் பேச்சு அங்கே எடுபடாது.

முடியை அவிழ்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஆடினேன். பொய்யாட்டம்தான்.

"டேய் காத்தா! எம் புள்ளயக் கீழ கொண்டு போடா! பொழுது சாயறதுக்குள்ள போகலைன்னா இந்த ஊட்டுல ஒருத்தரையும் விடமாட்டேன்!"

காத்தான் வெலவெலத்துப் போனான். கம்பில் போர்வையைக் கட்டி, அவரை அதில் கிடத்தி, நாலு பேர் மலைப்பாதையில் ஓடினார்கள்.

காய்ச்சல் விட்டதுபோல் விட்டு மூளைக்கு ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். எப்படியோ பிழைத்துக்கொண்டார். கை நடுக்கம் மட்டும் போகவில்லை.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள் களி கிண்டிக்கொண்டே, ஊரை ஏமாற்றிய கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பொய்யா ஆடுனயா? வாசல்ல நின்னவதான் வந்து உங்காதுல சொன்னா. அவ ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, நீ அதையே கத்துன. ரெண்டு பேர் பேச்சும் எனக்குக் கேட்டுச்சே புள்ள."

அட கடவுளே! திரும்பிப் பார்த்தேன், வாசல் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அந்த வாசலில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, ஒதுங்கித்தான் போய்வருகிறேன்.