வெங்காயம் உரித்த பிள்ளைகள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து பள்ளி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திய ஷமீமாவின் கண்ணில் முதலில் பட்டது சத்துணவுக் கூடம். பாட வேளையில் அங்கே நாலைந்து பிள்ளைகள் குத்தவைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க என்னப்பா வேலை?"

"சார் அனுப்புனாவ, மிஸ். ஆபீசர் வாராவளாம். எங்களுக்குத்தான் வாசிக்க வராதே" என்றான் ஒருவன், மூக்கை உறிஞ்சியபடி.

சமையல்கார இருளம்மாள் சிரித்தாள். "நீங்க வாற அன்னைக்கெல்லாம் எனக்குக் கைவேலை மிச்சம், டீச்சர்."

அந்த ஆபீசர் ஷமீமாதான். வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்த, செட்டியார்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வரும் ஆசிரியர் பயிற்றுநர். ஒவ்வொரு தடவையும் இந்த மூன்றாம் வகுப்பு அருமையாக வாசித்தது. அவளும் 'நன்று' என்று போனில் தட்டிவிட்டுப் போனாள். இப்போது காது மடல் தீயாய்ச் சுட்டது. நேரே வகுப்புக்குப் போனாள்.

"நான் பாக்க வாறதே அந்தப் பிள்ளைகளைத்தான், சார். எனக்குப் பயந்தா ஒளிச்சு வைக்கீங்க?"

வகுப்பாசிரியர் எட்வின் சாருக்கும் சுருக்கென்றது. "நீங்க மோசம்னு போட்டுட்டுப் போயிருவீங்க. பொறவு ஹெட்மாஸ்டர்ட்ட வாங்கிக் கட்டுறது யாரு? அஞ்சு வகுப்புக்கு ரெண்டே வாத்தியாரு, மேடம். இருக்கிறவன் நல்லா வாசிக்கான், அதைப் பாருங்க. ஏலே ஆபித், எந்திரி."

ஆபித் ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்தான்.

"நல்லது தங்கம். கடைசி வரியை மட்டும் ஒருக்கா வாசி."

பிள்ளை கடைசி வரியில் விரலை வைத்தான். வாயிலிருந்து முதல் வரி வந்தது. "அது இல்லடா, இது" என்றாள். மறுபடியும் முதல் வரி. பக்கத்திலிருந்தவளும் அப்படியே. மேலிருந்து தொடங்காமல் யாருக்கும் ஒரு வரி வரவில்லை, பாவம்.

"அம்புட்டும் மனப்பாடம், சார்!"

"கூட்டமாச் சொல்லவச்சா அப்படித்தான் வரும்!" எட்வின் சாக்பீஸை மேசையில் எறிந்தார். "வேற எப்படிச் செய்யன்னு ஒருத்தராச்சும் காட்டுனீங்களா? வாறீங்க, போட்டோ எடுக்கீங்க, போறீங்க. நீங்களும்தான்!"

அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. போனைப் பைக்குள் திணித்தாள்.

"கூப்பிடுங்க அவங்களை. இப்பமே காட்டுதேன்."

"வாங்கலே உள்ள!" என்று சன்னல் வழியே கத்தினார் எட்வின். பிள்ளைகள் பயந்து பயந்து, வெங்காய வாடையோடு வந்தார்கள். ஷமீமா தரையில் உட்கார்ந்து, மூக்கு உறிஞ்சியவனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அங்க நின்னா இவன் எங்க திணறுதான்னு தெரியாது, சார். கீழ உக்காருங்க."

"பேண்ட் அழுக்காயிரும்."

"ஆகட்டும்!"

முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே, பையனின் மறுபக்கத்தில் எட்வினும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.