மாசத்துக்கு ஒரு அதிரசம்

சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் கோட்டைச் சரிசெய்யக் குனிந்த ஜெயபாய், முதுகுப்பக்கம் கை விட்டதும் திடுக்கிட்டாள். துணி நாலு விரல் அளவுக்கு மடிக்கப்பட்டு ஊசி குத்தியிருந்தது. அப்பா வேதசிரோமணி முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், பொத்தான் போட முடியாமல் திணறிய கோட்டு அது.

"பாத்தியாட்டி?" அத்தை செல்லத்தாய் காதோரம் வந்தாள். "எங்கண்ணன் எப்படி இருந்த மனுசன்! ரெண்டே வருசத்துல உருக்கிப்புட்டா ஒங்க சித்தி."

அம்மா இறந்தபின் அப்பா அன்னத்தாயைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஜெயபாய் இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அவள் வாக்கப்பட்ட ராஜபாளையம் இங்கிருந்து ஏழு மைல்தான். அப்பாதான் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். கடைசியாகப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வந்தவர், கறிக்குழம்பைத் தள்ளிவைத்துவிட்டு மோர் மட்டும் கேட்டார்.

"ஏன்ப்பா இப்படி மெலிஞ்சிட்டீய?"

"நடக்கேன்ல," என்று சிரித்தார். "கண்டதத் தின்னா ஒங்க சித்தி வையும்."

அந்தச் சிரிப்பை அவள் அன்றைக்கே நம்பவில்லை.

இன்று காலையிலும் நடந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாராம். தண்ணீர் கேட்டாராம். கொண்டுவருவதற்குள் தலை சாய்ந்துவிட்டதாம். வீட்டில் அப்போது இருந்தவள் அன்னத்தாய் மட்டும்தான்.

"பெட்டிய மூடிட்டாப் பொறவு ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள் அத்தை. "போலீஸ் ஸ்டேசனுக்கு ஒரு ஆள அனுப்புதேன். மவ நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

"செத்த நேரம் பொறுங்க அத்த."

அடுப்படிக்குப் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றில் கேப்பைக் களி. இன்னொன்றில் முருங்கைக்கீரை. நெய் இல்லை, சீனி இல்லை, வெல்லம்கூட இல்லை. உப்புச் சாடிக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் புட்டி மறைந்திருந்தது. அதில் பாதிக்குக் கருத்த பொடி. மோந்து பார்த்தாள். நாக்கில் வைக்கப் பயமாயிருந்தது.

நிமிர்ந்தபோது நிலைப்படியில் அன்னத்தாய் நின்றாள். அவளுக்குப் பின்னால் அத்தை.

"இது என்னது?" சித்தி என்று கூப்பிட வாய் வரவில்லை.

அன்னத்தாய் புட்டியை வாங்கினாள். உள்ளங்கை நிறையத் தட்டி வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் இல்லாமலேயே விழுங்கினாள். கண்ணோரம் சுருங்கி விரிந்தது. அத்தை ஒரு அடி பின்னால் போனாள்.

"நாவக்கொட்டப் பொடி. நீரிழிவுக்கு. ஒத்தையில திங்க மாட்டேன்னாவ ஒங்கப்பா, நானும் கூடத் தின்னேன்."

ஜெயபாய் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தாள். அவளுடைய ரவிக்கையும் தோளில் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

"இப்படியே தின்னுக்கிட்டு உக்காந்திருந்தா வார கிறிஸ்மஸப் பாக்க மாட்டீருன்னு மதுர டாக்டரு சொல்லிட்டாரு. ரெண்டு கிறிஸ்மஸ் பாத்துட்டாவ."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ வாயும் வயிறுமா இருந்த. சொல்லக்கூடாதுன்னு பைபிள் மேல கை வைக்கச் சொல்லிட்டாவ." அன்னத்தாய் புட்டியை மூடினாள். "மொத நாளு தெரு முக்கு வரைக்கும்தான் நடந்தோம். அதுக்கே மூச்சு இளைச்சிட்டு. இருபது அடிக்கு ஒருக்கா நிப்பாவ, நானும் கூட நிப்பேன். 'மலை ஏறவா போறோம், நாளைக்கு இன்னும் பத்து அடி வச்சாப் போதும்'பாவ. இப்பம் கம்மாக்கரை வரைக்கும் போயிட்டு வந்தாவ."

"நான் மாசாமாசம் அதிரசம் குடுத்துவிட்டேனே..."

"அம்புட்டையும் விட்டா நாலே நாள்ல தோத்துருவேன், மாசத்துக்கு ஒண்ணு எனக்கு வேணும்னாவ. மவ சுட்டதுல ஒண்ணு. மிச்சத்தப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருவாவ. தின்ன அன்னைக்குச் சாயங்காலமும் ஒரு நடை உண்டு."

"இவ பேச்ச நம்பாதட்டி," என்றாள் அத்தை. "ஆள் அனுப்பவா, வேண்டாமா?"

வெளியே பாதிரியார் வந்துவிட்ட சத்தம் கேட்டது. ஜெயபாய் அன்னத்தாயின் கையிலிருந்து புட்டியை எடுத்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். துவர்ப்பு வாயெல்லாம் பிடித்தது.

"வேண்டாம் அத்த. பெட்டிய மூடச் சொல்லுங்க."

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. சனமெல்லாம் முன்னால் போய்விட்டது. அன்னத்தாய் மட்டும் பின்தங்கி வந்தாள். முடியாதவள் அல்ல, நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் இருபது அடி வைத்ததும் நின்றாள். ஒரு மூச்சு நேரம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல அடுத்த அடியை வைத்தாள்.

"வா, பஸ் போயிரும்," என்றான் ஜெயபாயின் புருசன் பொன்னுராஜ்.

"நீங்க போங்க. நான் சித்தியோட வாரேன்."

அன்னத்தாய் வந்து சேரும்வரை ஜெயபாய் சாலையோரம் நின்றாள். அன்னத்தாய் நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள்.